நெல்லையில் நிறுவனம் வளர்க்க வருகிறவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கம் ஒரு தொழிலைத் தொடங்குவதற்கு யோசனை சொல்ல நிறையப் பேர் கிடைப்பார்கள். தொடங்கிய தொழில் ஓராண்டிலேயே இரு மடங்காகும்போது என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது நிலைக்கானது. சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி நிறுவனம் நடத்துகிறவர்கள், வெளியூரிலிருந்து இங்கே கிளை போட வருகிறவர்கள், அப்பா நடத்திய கடையைத் தொழிற்சாலையாக்க நினைக்கிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

நெல்லைச் சீமையில் வளரும் நிறுவனத்துக்கு வேண்டிய உதவிகள் பெரும்பாலும் இருக்கின்றன. ஆனால் எதுவும் அவசரத்துக்குக் கிடைக்காது. நிலம், மின்சாரம், மானியம், கடன், ஆட்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனி வரிசை, தனிக் காலக்கெடு. ஆர்டர் கைக்கு வந்த பிறகு இடம் தேடுகிறவர் அந்த ஆர்டரை இழப்பார். ஒரு கட்டம் முன்னதாகவே விண்ணப்பித்து வைத்தவர் தப்பிப்பார். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதையே வற்புறுத்தியிருக்கிறேன்.

மூன்று மாவட்டத்தையும் ஒன்றாகப் பாருங்கள்

பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரிந்தன. அலுவலகங்கள் பிரிந்தாலும் தொழிலின் போக்கு பிரியவில்லை. உங்கள் அலுவலகம் பாளையங்கோட்டையில் இருக்கலாம், சரக்குப் பெட்டி தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏறலாம், மூலப்பொருள் ஆலங்குளத்திலோ பாவூர்சத்திரத்திலோ ஏலம் போகலாம். ஆகவே முதல் வேலையாக ஒரு வரைபடத்தை எடுத்து உங்கள் தொழிலுக்கு எது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வடக்கே மதுரைச் சாலையில் மாநில அரசின் தொழிற்பூங்காவான கங்கைகொண்டான் சிப்காட். நகருக்கு மேற்கே பேட்டையில் சிறுதொழில்களுக்கான சிட்கோ தொழிற்பேட்டையும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையமும். அபிஷேகப்பட்டியில் 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். தெற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம். கயத்தாறு, ராதாபுரம், பணகுடிப் பக்கங்களில் காற்றாலைகள். கிழக்கே வ.உ.சி. துறைமுகம், வாகைக்குளம் விமான நிலையம். மேற்கே புளியரை வழியாகக் கேரளச் சந்தை.

வரைபடத்தில் இவற்றையெல்லாம் குறித்து முடித்ததும் ஒன்று விளங்கும். இங்கே பெரும்பாலான இடங்கள் ஒன்றிலிருந்து ஒன்று ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடும். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நான்குவழிச் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர்தான். இந்த நெருக்கம் பெருநகரத்தில் பணம் கொடுத்தாலும் கிடைக்காத வசதி. இடம் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் வடிவத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

தனிநபர் நிறுவனமாகத் தொடங்குவது எளிது, செலவும் குறைவு. ஆனால் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் தனிநபர் நிறுவனத்துக்குக் கிடையாது. பதிவு செய்த கூட்டு நிறுவனம், எல்.எல்.பி. என்ற வரையறுத்த பொறுப்புக் கூட்டு நிறுவனம், பிரைவேட் லிமிடெட் போன்றவற்றுக்கே உண்டு. வெளியாரின் முதலீடு வாங்கும் எண்ணம் இருந்தால் பிரைவேட் லிமிடெட்டாகத் தொடங்குவது நல்லது. ஜி.எஸ்.டி. எண், மின் இணைப்பு, வங்கிக் கணக்கு, உரிமங்கள் எல்லாவற்றையும் நடுவழியில் ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு மாற்றுவது, வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் மாதங்களை அப்படியே விழுங்கிவிடும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவையும் அதே வாரத்தில் இணையத்தில் முடித்துவிடுங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது. அதற்காகப் பணம் கேட்கிற இடைத்தரகரை நம்ப வேண்டாம்.

மானியம்: பணத்தைச் செலவழிக்கும் முன்பே போய்க் கேளுங்கள்

மாவட்டத் தொழில் மையம் என்ற அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைக் கடன் விண்ணப்பம் வாங்கும் இடமாக மட்டும் நினைக்கிறார்கள். உண்மையில் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மாநில அரசின் சலுகைகளில் பெரும்பகுதி அந்த அலுவலகத்தின் வழியாகத்தான் வருகிறது. அங்கே ஒரு முறை நேரில் போய், பொது மேலாளரையோ உதவிப் பொறியாளரையோ பார்த்து, உங்கள் திட்டத்தை விளக்கிவிட்டு வாருங்கள். இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். பல திட்டங்களில் கடன் ஒப்புதலுக்கு முன்பு வாங்கிய இயந்திரம் கணக்கில் சேராது. தகுதி இருந்தும் மானியத்தை இழந்தவர்களில் பலர் தேதி மாறிப்போனதால்தான் இழந்தார்கள்.

முக்கியமான திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 10 லட்சம் முதல் 5 கோடி ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம் உண்டு. உச்சவரம்பு 75 லட்சம். வட்டியிலும் 3 சதவீதத்தை அரசு ஏற்கிறது. பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோருக்கு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இதைவிடப் பெரியது. அதில் 35 சதவீத மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, வட்டியில் 6 சதவீதச் சலுகை. புதிய தொழிலுக்கு மட்டுமல்லாமல் இருக்கிற தொழிலை விரிவாக்கவும் அது உதவும் என்பதால், வளரும் நிறுவனத்துக்கு மிகவும் பொருத்தமானது. தகுதியுள்ளவர்கள் பலர் இன்னும் அதைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இவை தவிர, தகுதியுள்ள குறு, சிறு தொழிலகங்களுக்கு இயந்திர மதிப்பில் மூலதன மானியமும் மின்கட்டண மானியமும் உண்டு. மின்கட்டண மானியத்தைச் சிறியது என்று ஒதுக்காதீர்கள். மாவு அரைக்கும் ஆலைக்கோ பிளாஸ்டிக் வார்ப்பு அலகுக்கோ அது மாதாமாதம் கையில் நிற்கும் பணம்.

மானியத் தொகை உடனே கையில் வந்துவிடும் என்று எண்ணித் திட்டம் போடவும் கூடாது. நீட்ஸ் போன்ற திட்டங்களில் மானியம் வங்கியில் வைப்பாக இருந்து, சில ஆண்டுகள் ஒழுங்காகக் கடன் கட்டிய பிறகுதான் கணக்கில் வரவு வைக்கப்படும். ஆகவே மானியம் இல்லாமலும் நிற்கிற திட்டமா என்று முதலில் பாருங்கள். மானியத்தைக் கூட்டினால்தான் லாபம் தெரிகிறது என்றால் அந்த இயந்திரத்தை வாங்காதீர்கள்.

தொழில்நுட்பம், புதிய தயாரிப்பு, வேளாண் சார்ந்த புதுமை போன்ற வகையில் உங்கள் நிறுவனம் இருந்தால் வாசல் வேறு. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நிறுவனத்துக்கு மதுரை, ஈரோடு ஆகிய ஊர்களைப் போலவே திருநெல்வேலியிலும் வட்டார மையம் இருக்கிறது. அவர்களுடைய டான்சீட் திட்டத்தில் தேர்வானால் தொடக்க நிதி கிடைக்கும். பதிலுக்கு நிறுவனத்தில் சிறு பங்கை எடுத்துக்கொள்வார்கள். பணத்தைவிட அந்தத் தேர்வுச் சுற்றுகளில் கிடைக்கும் கேள்விகள் பெரிய உதவி. உங்கள் வாடிக்கையாளர் யார், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க எவ்வளவு செலவாகிறது என்று ஊரில் வேறு யாரும் உங்களை உட்கார வைத்துக் கேட்கப் போவதில்லை.

வங்கியும் கைமுதலும்

வேகமாக வளரும் நிறுவனம் நஷ்டத்தில் மூடப்படுவது குறைவு. கையில் ரொக்கம் இல்லாமல் மூச்சுத் திணறுவதே அதிகம். விற்பனை இரட்டிப்பானால் மூலப்பொருளும் சம்பளமும் இப்போதே இரட்டிப்பாகும். விற்ற பணமோ இரண்டு மூன்று மாதம் கழித்து வரும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் கேஷ் கிரெடிட் கடன் வரம்பு. அதை உயர்த்தித் தரச் சொல்லி வங்கியிடம் போக வேண்டிய நேரம், கணக்குப் புத்தகம் நன்றாக இருக்கும் நேரம். நெருக்கடி வந்த பிறகு போனால் மேலாளருக்கும் உங்களுக்கும் சங்கடம்.

இந்தச் சீமைக்கு வங்கித் தொழிலில் நீண்ட பழக்கம் உண்டு. தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 1921இல் நாடார் வங்கியாகத் தூத்துக்குடியில் தோன்றியது. இன்றும் தலைமையகம் அங்கேதான். ஒரு வங்கியின் தலைமை அலுவலகம் ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பது எல்லா மாவட்டத்துக்கும் வாய்க்கிற விஷயமில்லை. அதற்காக அந்த வங்கிக்கே போங்கள் என்று சொல்லவில்லை. எந்த வங்கியானாலும், உங்கள் கடன் கோப்பை எந்த அலுவலகம் முடிவு செய்யும் என்று முதலிலேயே கேளுங்கள். கிளை மேலாளரின் அதிகாரத்துக்கு மேற்பட்ட தொகை மண்டல அலுவலகத்துக்குப் போகும். அங்கே உங்கள் தொழில் புரிந்த ஒருவர் இருக்கிறாரா என்பதே காலதாமதத்தைத் தீர்மானிக்கும். பிணையாகக் கொடுக்கச் சொத்து இல்லாதவர்கள் கடன் உத்தரவாத நிதியமான சிஜிடிஎம்எஸ்இ பற்றி வற்புறுத்திக் கேளுங்கள். 2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு அது உத்தரவாதம் தருகிறது. வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கும் வழக்கம் இங்கே ஆழமாக ஊறியிருப்பதால், கேட்காவிட்டால் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

இந்த மண்ணில் தோன்றி வேகமாக வளர்ந்த நிறுவனம் என்றாலே வ.உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனி நினைவுக்கு வரும். 1906இல் பதிவானது, மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய் என்று 40,000 பங்குகள். மக்களின் பணத்தில் கப்பல் வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். போட்டியிட்ட ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. 1908இல் அவரையே அரசு சிறையில் அடைத்தது. கம்பெனி சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. அந்த அடக்குமுறையை இன்றைய வணிகப் போட்டியோடு ஒப்பிட நான் துணிய மாட்டேன். ஆனால் ஆழமான கைமுதல் உள்ள போட்டியாளர் விலையைக் குறைத்து நிற்கும்போது, எத்தனை மாதம் தாங்குவோம் என்ற கேள்வி அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். உங்கள் நிறுவனத்துக்கான அந்த எண்ணிக்கையை மாதந்தோறும் எழுதி வையுங்கள்.

இடம், மின்சாரம், தண்ணீர்

சிப்காட்டில் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைக்கும். சாலை, மின்சாரம், நில வகைப்பாடு ஆகிய தலைவலிகள் அங்கே குறைவு. மாநிலத் தொழில் கொள்கை தென் மாவட்டங்களுக்குக் கூடுதல் சலுகை தருவதால் நில விலையிலும் அது எதிரொலிக்கும். ஆனால் ஒதுக்கீடு பெற்றால் குறித்த காலத்துக்குள் கட்டி உற்பத்தி தொடங்க வேண்டும். மனையை வாங்கிப் போட்டுவைக்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். சிறிய அலகுகளுக்குப் பேட்டை சிட்கோ போன்ற தொழிற்பேட்டைகள் பொருந்தும். வாடகைக் கொட்டகையில் தொடங்குவதும் தவறில்லை. அப்படித் தொடங்கினால், பக்கத்தில் விரிவாக்க இடம் இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்துக்கு முன் பாருங்கள்.

தனியார் நிலம் வாங்குவதாக இருந்தால் பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று இத்தனையையும் பார்த்தபின் நிலத்தின் வகையைப் பாருங்கள். தாமிரபரணிப் பாசனத்து நஞ்சை நிலத்தில் தொழிற்சாலை கட்ட நினைக்காதீர்கள். அனுமதி கடினம் என்பது ஒரு காரணம். முப்போகம் விளையும் வயலை மூடுவது இந்த ஊருக்குச் செய்யும் கெடுதல் என்பது அதைவிடப் பெரிய காரணம். மானாவாரிப் புஞ்சை இங்கே ஏராளம். மேற்கே அம்பாசமுத்திரம், களக்காடு, கடையம் பக்கம் போனால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லையும் மலைப்பகுதி விதிகளும் குறுக்கிடும். வாங்கும் முன் வனத்துறையிடமும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஆற்றங்கரை ஊர்களும் தூத்துக்குடியின் தாழ்வான பகுதிகளும் மூழ்கின, கிடங்குகளில் இருந்த சரக்கு மண்ணாகப் போனது. எனவே எந்த இடத்தைப் பார்த்தாலும் பக்கத்துக் கடைக்காரரிடம் அந்த மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கறையையே காட்டுவார்கள். அதற்கு மேல் தளம் போடுங்கள். சரக்குக் காப்பீட்டில் வெள்ளம் அடங்குகிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். சரக்கு கூடும்போது காப்பீட்டுத் தொகையையும் கூட்டுங்கள். வளரும் நிறுவனங்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

மின் இணைப்பில் இன்றைய தேவைக்கு அல்லாமல் அடுத்த ஆண்டின் தேவைக்கு விண்ணப்பியுங்கள். குறைந்த அழுத்த இணைப்பிலிருந்து உயர் அழுத்த இணைப்புக்கு மாறுவதற்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர், இடம், மதிப்பீடு, முன்வைப்பு எல்லாம் வேண்டும். மின்சாரம் அதிகம் தின்னும் தொழிலாக இருந்தால் காற்றாலை பக்கத்திலேயே சுழல்கிறது என்பதை நினையுங்கள். காற்றாலை நிறுவனத்தில் பயன்படுத்துவோர் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, 51 சதவீத மின்சாரத்தையாவது அவர்களே பயன்படுத்தினால் குழுவாகச் சொந்த மின்சாரம் எடுக்கும் முறை சட்டத்தில் இருக்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று நன்றாக வீசும். மற்ற மாதங்களுக்குக் கூரையில் சூரிய மின்தகடு கைகொடுக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைக் கட்டுவதற்கு முன் ஒன்று, இயக்குவதற்கு முன் ஒன்று என்று இரண்டாக வாங்க வேண்டும். மாசு மிகக் குறைந்த வெள்ளைப் பிரிவுத் தொழில்களுக்கு விலக்கு உண்டு. எல்லா அனுமதிகளுக்கும் மாநில அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்ப எண்ணோடு ஒரு முறை நேரிலும் போய் வாருங்கள்.

ஆட்கள்

நெல்லைச் சீமையின் மிகப் பெரிய பலம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாளையங்கோட்டையின் கல்லூரிகள் நூறாண்டு கடந்தவை. அரசுப் பொறியியல் கல்லூரி 1981 முதல் இருக்கிறது. ஆண்டுதோறும் படித்து வெளியே வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறார்கள், ஊரில் வேலை இல்லை என்பதற்காக மட்டும். அவர்களை நிறுத்திவைக்கும் வேலையை நீங்கள் கொடுத்தால், அவர்கள் உங்களை விட்டு எளிதில் போக மாட்டார்கள்.

இதற்கு நல்ல சான்று தென்காசிக்கு அருகே இருக்கிறது. ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2011இல் அங்கே மத்தளம்பாறை கிராமத்தில் அலுவலகம் திறந்தது. உலகம் முழுவதும் விற்கும் ஸோஹோ டெஸ்க் மென்பொருள் மத்தளம்பாறையில் இருந்தவர்களின் உழைப்பில் உருவானது. கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளைப் பள்ளி முடித்ததும் உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் முறையையும் அவர்கள் நடத்துகிறார்கள். சிறு நிறுவனத்தால் அந்த அளவுக்கு முடியாது. ஆனால் அந்த வழியைச் சிறிய அளவில் பின்பற்றலாம். பேட்டை ஐ.டி.ஐ.யிலோ அருகிலுள்ள பாலிடெக்னிக்கிலோ இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் இப்போதே பேசி, விடுமுறையில் பயிற்சிக்கு எடுத்து, படிப்பு முடியும்போது வேலை கொடுங்கள். ஆர்டர் வந்த பிறகு விளம்பரம் கொடுத்து எடுக்கும் ஆளைவிட அந்தப் பிள்ளை நிலைத்து நிற்பார்.

பெண் தொழிலாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் வட்டாரங்களில் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றும் பெண்கள் ஏராளம். நுட்பமான கைவேலையில் அவர்களுக்கு இருக்கும் வேகத்தையும் பொறுமையையும் வேறு எந்தப் பயிற்சியிலும் உருவாக்க முடியாது. ஆனால் வீட்டை விட்டு வெளியே வந்து வேலை செய்ய அவர்களுக்கு மூன்று வேண்டும்: பாதுகாப்பான பயணம், இருட்டும் முன் வீடு திரும்பும் நேரம், சுத்தமான கழிப்பறை. அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே ஷிப்ட் நேரத்தை உங்கள் வசதிக்கு வைக்காமல், அந்த ஊர் டவுன் பஸ் வரும் நேரத்தைப் பார்த்து வையுங்கள். பஸ் இல்லாத ஊருக்கு வேன் அனுப்புங்கள். சம்பளத்தில் சில நூறு கூட்டுவதைவிட வேன் அனுப்புவது அதிகம் பேரைக் கொண்டுவரும்.

ஒரே ஊரிலிருந்தோ ஒரே சமூகத்திலிருந்தோ எல்லா ஆட்களையும் எடுக்காதீர்கள். மேற்பார்வையாளர் தன் உறவினர்களைக் கொண்டுவந்து நிரப்புவது சுலபமான வழியாகத் தெரியும். சாதி இன்னும் கூர்மையாக இருக்கும் இந்த மாவட்டத்தில் அது தொழிற்சாலைக்குள் சுவர் எழுப்பிவிடும். முதல் பத்துப் பேரிலேயே கலந்து எடுங்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் கூடம் கட்டுங்கள். இது அறமும்கூட, நல்ல நிர்வாகமும்கூட. இதில் சமரசம் செய்துகொள்ளும் முதலாளியை நான் மதிக்க மாட்டேன்.

உற்பத்தித் திட்டம் போடும்போது ஊர் நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். பங்குனி உத்திரத்தன்று குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிக் குடும்பம் குடும்பமாகப் போய்விடுவார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவில், அந்தந்த ஊர்க் கொடை விழா, கிறிஸ்துமஸ், ரம்ஜான் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நாள் உண்டு. அன்றைக்கு விடுப்பு தர முடியாது என்று நிற்கும் நிறுவனம் அந்த ஊரிலிருந்து அடுத்த ஆளை எடுக்க முடியாது. அந்த நாட்களை முன்பே குறித்து, அதற்கு முந்தைய வாரத்தில் கூடுதல் நேர வேலை வைத்துச் சரிக்கட்டுங்கள்.

பெரிய ஆலைகளின் பக்கத்தில்

கங்கைகொண்டானில் டாடா பவர் நிறுவனத்தின் 4.3 ஜிகாவாட் திறனுள்ள சூரிய மின்கல ஆலை 2025 பிப்ரவரியில் முதல்வரால் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளம் எழுந்துவருகிறது. இவற்றால் உங்களுக்கு இரண்டு விளைவுகள். முதலாவது, நல்ல தொழிலாளர்களை அவர்கள் ஈர்ப்பார்கள். ஆகவே சம்பளத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இரண்டாவது, மரப்பெட்டி, இரும்பு வேலை, உணவு, போக்குவரத்து, பராமரிப்பு என்று அவர்களுக்குத் தேவைப்படும் நூறு விஷயங்களை யாராவது கொடுக்கத்தான் வேண்டும். விற்பனையாளராகப் பதிவு செய்ய அவர்கள் கேட்கும் தரச் சான்றுகளை இப்போதே வாங்கத் தொடங்குங்கள். அதற்கு மாதங்கள் ஆகும்.

பெரிய நிறுவனத்துக்குச் சரக்குக் கொடுக்கும்போது பணம் தாமதமாவது சகஜம். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கொள்முதல் செய்தவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டமும் தாமதிப்பவருக்குச் செலவுக் கழிவை அந்த ஆண்டில் மறுக்கிறது. இந்த உரிமை கிடைக்க உத்யம் எண் உங்கள் பில்லில் அச்சாகியிருக்கட்டும். ஒரே வாங்குபவர் உங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் எடுத்தால், அடுத்த வாங்குபவரைத் தேடும் வேலையை அன்றே தொடங்குங்கள்.

சரக்கு போகும் வழி

உலகச் சந்தையில் டின்னவெல்லி சென்னா என்ற பெயரில் விற்கும் நிலவாகை இலை, பல தலைமுறைகளாகத் தூத்துக்குடி வழியாகத்தான் போகிறது. முருங்கை இலைப் பொடி, மீன், முந்திரி, உப்பு என்று அந்தத் துறைமுகத்துக்குப் பழகிய சரக்குகள் பல. பழகிய சரக்கு என்றால் அதற்கு ஏஜெண்ட் இருப்பார், கிடங்கு இருக்கும், சோதனை செய்யும் ஆய்வகம் கைக்கெட்டும். உங்கள் முதல் ஏற்றுமதி அப்படிப்பட்ட சரக்காக இருந்தால் பாதி வேலை குறையும். பெட்டிகள் பலவும் கொழும்பில் கப்பல் மாறிப் போகும் என்பதால், வாங்குபவரிடம் தேதி சொல்லும்போது அந்த நாட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அட்டைப்பெட்டி, லேபிள், அச்சு வேலைக்குச் சிவகாசி பக்கத்தில் இருக்கிறது. அதைவிட மலிவாகவும் விரைவாகவும் வேறு எங்கும் கிடைக்காது. கேரளத்துக்கு அனுப்புகிறவர்கள் தென்காசியிலோ செங்கோட்டையிலோ ஒரு சிறு கிடங்கு வைத்துக்கொண்டால் லாரிக்குக் காத்திருக்க வேண்டாம்.

வளரும்போது கடக்கும் கோடுகள்

பத்துப் பேர் வேலைக்குச் சேர்ந்ததும் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. வரும், பாலியல் தொல்லை பற்றிப் பெண்கள் புகார் கொடுப்பதற்கான குழுவும் கட்டாயமாகும். இருபது பேரானால் வருங்கால வைப்பு நிதி. பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி., 5 கோடியைத் தாண்டினால் மின்னணுப் பில். வேகமாக வளரும் நிறுவனம் இவற்றில் இரண்டு மூன்றை ஒரே ஆண்டில் கடந்துவிடும். அடுத்து எந்தக் கோடு வருகிறது என்று ஆடிட்டரிடம் காலாண்டுக்கு ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே கிடைக்காதவை

நிறுவனர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நடுவே நிற்கும் இரண்டாம் நிலை ஆட்கள் இங்கே குறைவு. நாடு முழுவதும் விற்பனையை நடத்திய மேலாளர், ஏற்றுமதித் தரம் பார்த்த பொறியாளர், வடிவமைப்பாளர் போன்றவர்கள் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் நம் ஊர்க்காரர்கள் கணிசமானவர்கள், வயதான பெற்றோரை நினைத்து ஊர் திரும்ப வழி தேடுகிறவர்கள். அப்படி ஒருவரை அழைக்கும்போது அவருடைய சம்பளத்தை மட்டும் பேசாதீர்கள். கணவனுக்கோ மனைவிக்கோ வேலை, பிள்ளைக்குப் பள்ளி, குடியிருக்க வீடு இந்த மூன்றையும் சேர்த்துப் பேசுங்கள். மே மாதத்தில் சேரும்படி ஜனவரியிலேயே பேசினால்தான் பள்ளி மாற்றம் சரியாக அமையும். வர முடியாதவர்களை மாதம் ஒரு வாரம் வந்து போகும்படி அமர்த்தலாம். திருநெல்வேலிக்கு வந்தே பாரத் ரயில் 2023 செப்டம்பர் முதல் ஓடுகிறது, சென்னைக்கு எட்டு மணி நேரம்தான். வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையமும் 2025 ஜூலையில் திறக்கப்பட்டுவிட்டது.

வெளி முதலீடும் குறைவுதான். பணம் வைத்திருக்கும் குடும்பங்கள் நிலத்திலும் நகையிலும் சென்னையில் கட்டிடத்திலும் போடப் பழகியவை. ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கி ஏழெட்டு ஆண்டு காத்திருப்பது அவர்களுக்குப் புதிது. அவர்களிடம் போகும்போது மதிப்பீட்டுக் கணக்கைக் காட்டுவதைவிட, இரண்டு ஆண்டு தணிக்கை செய்த கணக்கையும் ஆலையையும் காட்டுங்கள். சொந்தக்காரரின் பணம் என்றாலும் பங்குதாரர் ஒப்பந்தத்தை வழக்கறிஞரை வைத்து எழுதி, யாருக்கு எத்தனை பங்கு, விலக நினைத்தால் என்ன விலை, முடிவு யார் கையில் என்று பதிந்த பிறகே பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். அதற்குப் பிறகு மாதம் ஒரு பக்கத்தில் விற்பனை, கையிருப்பு, கடன் மூன்றையும் எழுதி அவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள்.